தாருகானா பங்காக் கடையும் என் 13 பிட்ச் புரொப்பல்லரும்

மும்பை ரே ரோடு ஸ்டேஷனில் கிழக்குப் பக்கமாக வெளியே வந்து தாருகானாவுக்குள் நடந்தால், முதல் பத்து நிமிடம் இரும்பைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. கப்பல் உடைத்த தகடு, நங்கூரச் சங்கிலி, துருவேறிய வால்வு, யாரோ கப்பலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து போட்ட கழிப்பறைத் தொட்டி. அந்தச் சந்துகளில் ஒன்றில்தான் இந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. பழைய டிராலர் ஒன்றின் வெண்கலப் புரொப்பல்லரைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருப்பார்கள், அதுதான் அடையாளம். வழி தெரியாவிட்டால் 'பங்காவாலா' என்று கேளுங்கள், கை காட்டுவார்கள். படகைத் தள்ளுகிற அந்த விசிறி, அதாவது புரொப்பல்லர், இங்கே படகுக்காரர்களுக்குப் பங்காதான்.

நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு போடுவேன். மிச்சம் ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் சீட்டா கேம்ப்காரன். 1976-இல் ஜனதா காலனியைக் காலி செய்து இங்கே கொண்டுவந்து விட்டபோது அத்தாவுக்குப் பதினாறு வயது. அப்போதிருந்து எங்களுக்கு ட்ராம்பே ஜெட்டி நடந்து போகும் தூரம்தான். ஆனால் வீட்டில் யாரும் தண்ணீரில் தொழில் செய்ததில்லை. நான்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் 21 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பின்னால் 40 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது பின்பலகையில் வெளியே மாட்டுகிற இஞ்சின். சனி, ஞாயிறுகளில் தூண்டில்காரர்கள் வருவார்கள். நவம்பர் முதல் மே வரை தாணே கழிமுகத்தில் (இங்கே காடி என்பார்கள்) பூநாரை பார்க்க வருகிறவர்களும் உண்டு. பயணிகள் ஆறு பேர், நான், என்னோடு வரும் கோலி மீனவப் பையன், ஆக எட்டுப் பேர். அதோடு ஒரு ஐஸ் பெட்டி. தூண்டில்காரர்கள் மீன் பிடிக்கிறார்களோ இல்லையோ, ஐஸ் பெட்டியை நிரப்பாமல் ஏற மாட்டார்கள்.

படகு ஆரம்பத்திலிருந்தே மந்தம். முழு திராட்டில் கொடுத்தாலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் தண்ணீரை உழுதுகொண்டு போகும். தண்ணீர் மேல் ஏறிச் சறுக்கவே சறுக்காது. இஞ்சின் இருமும், பெட்ரோல் குடிக்கும். ஒரு மெக்கானிக் கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்து இரண்டு முறையும் காசு வாங்கினார். மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு பெரிய கடையில், பெயர் வேண்டாம், "உங்களுக்கு ஸ்பீடுதானே வேணும்? ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 14 பிட்ச் போடுங்க" என்றார்கள். விலை என் ஒரு மாத வருமானம். நல்லவேளை, கையில் காசு இல்லை.

அந்த நிலைமையில்தான் ஜெட்டியில் ஒரு தண்டேல், அதாவது டிராலர் ஓட்டுகிறவர், சொல்லித் தாருகானாவுக்குப் போனேன். புரொப்பல்லரைக் கழற்றிச் சாக்கில் போட்டு, மான்கூர்டில் ஹார்பர் லைன் ஏறி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்தவர் வாட்ச்மேன் மாதிரி அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. வயது அறுபதுக்கு மேல். நான் தமிழ் என்று தெரிந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார், அவ்வளவுதான் சலுகை. மேலே கூரையில் கொக்கி கொக்கியாக நூறு பங்காவாவது தொங்குகிறது. ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் எண்கள்: 11½ × 12, 13 × 19, இப்படி. முதல் எண் குறுக்களவு, இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலம். பிட்ச் என்றால், புரொப்பல்லர் மரத்தில் திருகாணி ஏறுகிற மாதிரி வழுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றினால் எவ்வளவு தூரம் முன்னே போகும் என்பது. தண்ணீர் மரம் இல்லை, அதனால் எப்போதும் கொஞ்சம் வழுக்கும்.

என் பங்காவைக் கையில் வாங்கி, சின்னச் சுத்தியலால் மூன்று இலைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். இரண்டு இலை கணீர் என்றது. மூன்றாவதில் ஒலி மங்கல்தான். அப்புறம் கேட்டார்:

"இஞ்சின் ஃபுல் திராட்டில்ல எத்தன சுத்து சுத்துது?"

"தெரியலையே அண்ணாச்சி. மீட்டர் இல்ல."

"காய்ச்சல் எவ்வளவுன்னு பாக்காம மருந்து கேக்க மாதிரில்லா இருக்கு. எத்தன பேரு ஏறுவாங்க? எட எவ்வளவு? கியர் ரேஷியோ என்ன? இஞ்சின் புக்குல எத்தன ஆர்.பி.எம். போட்டிருக்கான்?"

ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. விற்பனை நடக்கவில்லை. ஒரு பழைய காலண்டர் தாளில் நான் அளந்து வரவேண்டியதை எழுதிக் கொடுத்து அனுப்பினார். நூறு பங்கா தொங்கவிட்டிருக்கிற ஆள், ஒன்றை எடுத்துத் தலையில் கட்டியிருந்தால் நான் காசு கொடுத்திருப்பேன். கொடுக்க விடவில்லை. நாலு நட்சத்திரத்தில் இரண்டு இதற்கே போய்விட்டது.

ஆனால் அனுப்புமுன் ஒரு வேலை செய்தார், அதைப் பார்க்கவே திரும்பவும் போகலாம். ஒரு சமதள இரும்புப் பலகையில் பங்காவைப் படுக்க வைத்தார். நடுவில் அச்சு மாதிரி ஒரு கம்பி. அட்டையில் வெட்டிய 30 டிகிரித் துண்டு ஒன்றை வைத்து, ஒரு இலையின் மேல் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இரண்டு புள்ளி வைத்தார். ஒவ்வொரு புள்ளியும் பலகையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தார். இரண்டுக்கும் வித்தியாசம் 27.5 மில்லிமீட்டர். "பன்னெண்டால பெருக்குங்க." 330. அதாவது 13 அங்குலம். 30 டிகிரி என்பது வட்டத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதில் ஏறும் உயரத்தைப் பன்னிரண்டு மடங்காக்கினால் முழுச் சுற்றுக்கான பிட்ச் கிடைத்துவிடும். இரண்டாவது இலையும் 27.5. சுத்தியலுக்கு மங்கலாக ஒலித்த மூன்றாவது இலை 25 மில்லிமீட்டர்தான், பிட்ச் 12-க்கும் கீழே. எப்போதோ எதிலோ இடித்து வளைந்திருக்கிறது. திருப்புப்பிடி என் உள்ளங்கையில் ஏன் அப்படி நடுங்கியது என்று இரண்டு வருடம் கழித்து அன்றைக்குத்தான் புரிந்தது.

வளைந்ததை நிமிர்த்தித் தருவீர்களா என்று கேட்டேன். "நிமித்தலாம். ஆனா வேர்ல விரிசல் இருக்கு. தண்ணியில எலை பறந்துபோச்சுன்னா நீங்க திரும்பி வரமாட்டீங்க, நான் காசு யார்ட்ட வாங்குவேன்?"

சரி, அளந்த கதைக்கு வருகிறேன். ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிக்கொள்கிற, இஞ்சின் சுற்றை எண்ணுகிற சின்ன டேக்கோமீட்டர் ஆன்லைனில் கிடைத்தது. முதல் நாள் நிமிடத்துக்கு 8,600 சுற்று என்று காட்டியது. இஞ்சின் வெடிக்கப்போகிறது என்று பயந்து உடனே நிறுத்திவிட்டேன். பிறகு பார்த்தால், இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்ற செட்டிங்கில் அது இருந்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் சுற்றுக்கு ஒரு பொறி. ஆக உண்மையில் 4,300. இஞ்சின் புத்தகத்தில் முழு திராட்டிலுக்கு 4,500 முதல் 5,500 வரை இருக்கவேண்டும் என்று அச்சடித்திருந்தது. என் இஞ்சின் கீழ் எல்லையைக்கூடத் தொடவில்லை. இரண்டாம் கியரில் செம்பூர் மேம்பாலம் ஏற வேண்டிய ஆட்டோவை நாலாம் கியரில் ஏற்றுகிற மாதிரி. இப்படியே நாள்கணக்கில் ஓட்டினால் பிஸ்டன் சூடேறிக் கரி பிடித்து ஒருநாள் படுத்துவிடும். கார்புரேட்டரில் குற்றமே இல்லை.

வேகத்தை ஃபோன் ஜி.பி.எஸ்.ஸில் பார்த்தேன். கழிமுகத்தில் ஏற்றம் இறக்கம் பலமாக இருக்கும், ஒரு பக்கம் மட்டும் ஓட்டிப் பார்த்தால் நீரோட்டம் பொய் சொல்லும். அதனால் போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஓட்டிச் சராசரி எடுத்தேன். 16 நாட். கணக்கு இப்படி: 4,300-ஐக் கியர் ரேஷியோ 2-ஆல் (இஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் பங்கா ஒன்று) வகுத்தால் 2,150. அதை 13-ஆல் பெருக்கி 1,215-ஆல் வகுத்தால் 23 நாட். வழுக்காமல் போயிருந்தால் அந்த வேகம் வந்திருக்கவேண்டும். வந்தது 16, அப்படியானால் வழுக்கல் 30 சதவீதம். (ஒரு நாட் என்பது மணிக்கு 6,076 அடி. அங்குலமாக்கி 60-ஆல் வகுத்தால் அந்த 1,215 வரும்.)

இரண்டாம் முறை போனபோது அண்ணாச்சி முதலில் பங்காவைப் பற்றிப் பேசவே இல்லை. படகின் பின்பலகை ஃபோட்டோவைக் கேட்டார். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்தத் தட்டு எங்க நிக்குது பாருங்க" என்றார். புரொப்பல்லருக்கு மேலே படுக்கையாக ஒரு தட்டு இருக்கும் இல்லையா, அது படகின் அடித்தளத்தோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். எனக்கு இரண்டு அங்குலம் மேலே நின்றது. திருப்பத்தில் இஞ்சின் திடீரென்று அலறுவதற்கு அதுதான் காரணம்: மேலிருந்து காற்றை இழுத்து, பங்கா தண்ணீருக்குப் பதில் நுரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை எல்லாரும் கேவிட்டேஷன் என்று சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி திருத்தினார். இது வெளிக்காற்று உள்ளே புகுவது. கேவிட்டேஷன் வேறு: இலையின் முதுகில் அழுத்தம் குறைந்து தண்ணீரே ஆவியாகிக் குமிழாவது. அந்தக் குமிழிகள் உடையும்போது உலோகத்தை அரித்துவிடும். ஒரு பழைய இலையைத் திருப்பி, அம்மைத் தழும்பு மாதிரி இருந்த இடத்தைக் காட்டினார். இஞ்சினை இறக்கி மாட்டச் சொன்னார். அந்த யோசனைக்குக் காசு வாங்கவில்லை.

அப்புறம்தான் பங்கா. பொதுவாக ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று கூடும் என்பது கணக்கு. அலுமினியத்தில் 11 பிட்ச் ஒன்றும் 10 பிட்ச் ஒன்றும் இறக்கினார். இரண்டுமே பழையது, ஆனால் மூன்று இலையும் என் கண் முன்னால் அளந்து சரியாக இருந்தவை. "ரெண்டையும் கொண்டு போங்க தம்பி. ஓட்டிப் பாத்துட்டு எது வேணுமோ வச்சிக்கிடுங்க, மத்தத கொண்டாந்துருங்க." டெபாசிட் 3,000 ரூபாய். மும்பையில் இப்படிச் சோதனைக்குப் பொருள் கொடுக்கிற கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சட்டைக் கடையில்கூட இரண்டுக்கு மேல் டிரையல் ரூமுக்குள் விடுவதில்லை.

அடுத்த ஞாயிறு, எட்டுப் பேரோடும் ஐஸ் பெட்டியோடும் ஓட்டினோம். 10 பிட்ச்: சுற்று 5,000. எடுத்த எடுப்பில் படகு துள்ளி மேலே ஏறியது, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பயணிகளை இறக்கிவிட்டு நானும் பையனும் மட்டும் திரும்பியபோது மீட்டர் 5,700-ஐத் தொட்டது, எல்லைக்கு மேல். 11 பிட்ச்: எட்டுப் பேரோடு 4,800, இரண்டு பேரோடு 5,450. வேகம் சுமையோடு 18 நாட். வழுக்கல் 17 சதவீதமாகக் குறைந்திருந்தது.

பிட்சைக் குறைத்தேன், வேகம் கூடியது. இதை ஜெட்டியில் சொன்னால் இன்னும் நாலு பேர் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பங்காவில் ஒன்றைக் குறைத்தால் வேகம் கூடுவது புதுக் கதையும் இல்லை. 1837-இல் லண்டன் பாடிங்டன் கால்வாயில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவர் மரத்தில் செய்த திருகை வைத்துப் படகு ஓட்டிப் பார்த்தார். திருகுக்கு இரண்டு முழுச் சுற்று. எதிலோ இடித்துப் பாதி உடைந்து போனது. படகு நின்றுவிடும் என்று பார்த்தால், முன்னைவிட வேகமாகப் போனது.

எது வேண்டும் என்று முடிவெடுக்க அண்ணாச்சியிடமே கேட்டேன். "வாரத்துல எத்தன நாள் ஆளோட போறீங்க, எத்தன நாள் சும்மா போறீங்க?" என்று திருப்பிக் கேட்டார். எப்போதும் முழுச் சுமை என்றால் 10. வெறும் படகாகத் திரும்புகிற நேரமும் உண்டு, அப்போது பையன் கையில் திருப்புப்பிடி இருக்கும், அவனுக்கு திராட்டிலைக் குறைக்கிற பழக்கம் கிடையாது. ஆகவே 11. விலை 5,500 ரூபாய், உள்ளே புது ரப்பர் புஷ் போட்டு. ஸ்டெயின்லெஸ் கேட்டேன், சும்மாதான். "தாணே காடியில ஓட்டுற ஆளு எதுக்குத் தம்பி அது? எஃகு எலை வளையாது. அடி கியர்பாக்ஸுக்குப் போகும். அலுமினியம் உங்களுக்காக அடி வாங்கிக்கிடும்."

அது எவ்வளவு உண்மை என்று மூன்று வாரத்தில் தெரிந்தது. அதற்குமுன் ஒன்று சொல்லவேண்டும். பங்காவின் நடுவில், தண்டில் மாட்டுகிற உலோகக் குழாய்க்கும் வெளி உடம்புக்கும் இடையில் ரப்பர் புஷ்ஷை அழுத்தி ஏற்றியிருப்பார்கள். எதிலாவது இடித்தால் ரப்பர் வழுக்கி அடியை வாங்கிக்கொள்ளும். கடையை விட்டு நான் கிளம்பும்போது அண்ணாச்சி வெள்ளைப் பெயின்ட்டும் தீக்குச்சியும் எடுத்து, உள் குழாயிலிருந்து ரப்பர் வழியாக வெளி உடம்பு வரை நேர்கோடு ஒன்று இழுத்துவிட்டார். பூசணிக்காய்க்குப் பொட்டு வைக்கிற மாதிரி இருந்தது. எதற்கென்று சொன்னார், நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

இறங்குநீர் நேரம். வலை கட்டுகிற மரக் கழி ஒன்று தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நின்றிருக்கிறது. டங்கென்று ஒரு அடி. பிறகு இஞ்சின் மட்டும் பாடுகிறது, படகு நகரவில்லை. திராட்டிலைக் கூட்டினால் சத்தம் கூடுகிறது, குறைத்தால் மெல்ல மெல்லப் போகிறது. பயணி ஒருவர் கியர்பாக்ஸ் போச்சு என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். நான் இஞ்சினை நிறுத்திச் சாய்த்துப் பார்த்தேன். வெள்ளைக் கோடு உடைந்து, உள்ளே ஒரு துண்டும் வெளியே ஒரு துண்டும் இரண்டு விரல் தள்ளி நின்றன. ரப்பர் வழுக்கியிருக்கிறது, கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது. நடைவேகத்தில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து ஜெட்டிக்கு வந்தோம். அந்தப் பயணிக்குப் பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டார்.

புஷ் மாற்ற 1,200 ரூபாய். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பழையதை வெளியே தள்ளி, புதியதற்குச் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே அழுத்துகிறார்கள், இருபது நிமிட வேலை. அந்த முறை இஞ்சினையும் டெம்போவில் வைத்துக் கொண்டு போயிருந்தேன். தண்டைப் பார்த்த அண்ணாச்சி, வாஷருக்குப் பின்னால் ஊசியை விட்டுக் கிண்டி, பிளாஸ்டிக் தூண்டில் நரம்பை இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. அது சுற்றிச் சுற்றி ஆயில் சீலை அறுத்துவிடுமாம், தண்ணீர் உள்ளே போய்விட்டால் கியர் ஆயில் பால் டீ நிறத்தில் வடியும். எனக்கு இன்னும் அந்த நிலைமை வரவில்லை. மாதம் ஒருமுறை பங்காவைக் கழற்றிப் பார்த்து, தண்டின் பற்களில் கிரீஸ் தடவி, புதுக் காட்டர் பின் போட்டு மாட்டச் சொன்னார். செய்கிறேன். கிரீஸ் தடவுவது மறந்துபோனால் பங்கா தண்டோடு ஒட்டிக்கொண்டு வராது என்று அவர் சொன்னதைவிட, அப்படி ஒட்டிப்போன ஒன்றை அவருடைய கடைப் பையன் அரை நாள் அடித்துக் கழற்றியதைப் பார்த்ததுதான் பயத்தைக் கொடுத்தது.

இப்போது அந்த ஒரு நட்சத்திரத்துக்கு வருகிறேன். ஃபோன் எடுக்க மாட்டார். மதியம் ஒன்றரைக்கு ஷட்டர் இறங்கும், நாலுக்குத்தான் ஏறும், எந்த நாள் ஏறாது என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை நாற்பது நிமிடம் வெயிலில் அந்த வெண்கலப் புரொப்பல்லர் மேல் உட்கார்ந்திருந்தேன். ரசீது என்றால் காலண்டர் தாள்தான். பெயின்ட் வேலை மோசம். என் 11 பிட்ச்சில் அடித்த கறுப்பு இரண்டாவது வாரமே செதில் செதிலாக உரிந்தது. நூறு குதிரைசக்திக்கு மேல் உள்ள இஞ்சினுக்கோ நாலு இலைப் பங்காவுக்கோ அவரிடம் சரக்கு இல்லை, இல்லை என்றும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். தவிர, சும்மா விலை கேட்டுப் போகிறவர்கள் போகவேண்டாம். காலண்டர் தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்.

பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்று கேட்பீர்கள். முன்பு ஒரு முழு நாள் சவாரிக்கு 30 லிட்டர் போட்டேன், இப்போது 24-இல் முடிகிறது. இஞ்சினை இறக்கி மாட்டியதும் இதில் சேர்த்தி, பங்காவுக்கு மட்டும் பெருமை கொடுக்க முடியாது.

என் பழைய 13 பிட்ச்சை எடைக்குப் போட்டுவிட்டார். 10 பிட்ச் இன்னும் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. மேயில் பூநாரைக்காரர்கள் கூட்டம் ஏறினால் அதை மாட்டிக்கொள்ளலாமே என்று ஆசை. டெபாசிட்டைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு விலை பேசலாம் என்று போன வாரம் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது.